மான் கண்ணில் புலி

சிங்கப்பூரின் கிராஞ்சியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆட்களுக்கு முன்னால் அவர்கள் போட்டிருக்கும் மேலங்கிகள்தான் கண்ணில் படும். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வாசலில் லாரிக்காகக் காத்து நிற்கிற வரிசை இருட்டோடு இருட்டாகக் கலந்திருக்கும். ஏதாவது ஒரு வண்டி வளைவில் திரும்பி அதன் விளக்கு அந்தப் பக்கம் விழுந்தால் போதும், வெள்ளிப்பட்டைகள் வரிசையாகப் பற்றிக்கொள்ளும். வானம் வெளுக்க வெளுக்க, பட்டைகளுக்கு இடையிலுள்ள துணியின் நிறமும் தெரியவரும். கண்ணை உறுத்துகிற ஆரஞ்சு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறவன் நான். பாடத்தைவிடப் பேச்சுதான் அதிகம் நடக்கும். போன ஆண்டு வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு பக்கத்திலுள்ள மண்டாய் இரவு சஃபாரிக்குப் போனோம். டிராம் வண்டி ஊர்ந்தது. நிலவொளி போல மங்கலான விளக்கு. ஒரு திருப்பத்தில் மலாயப் புலி ஒன்று எழுந்து, நாலடி நடந்து, மீண்டும் படுத்தது. அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி மெதுவாகக் கேட்டார்:

“அண்ணே, இது நம்ம சேஃப்டி வெஸ்ட்டு கலர்ல இருக்கு. லாரிக்காரன் தூரத்துலேயே பார்க்கணும்னுதானே நமக்கு இதை மாட்டி விட்டிருக்காங்க? இந்தக் கலரைப் போட்டுக்கிட்டு இது எப்படிண்ணே ஒளிஞ்சு நின்னு மானைப் பிடிக்கும்?”

வேன் கிராஞ்சி வந்து சேரும்வரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தத் தம்பிக்கு நான் பிறகு தேடிச் சொன்ன பதில்.

கேள்வி எழுந்த இடமும் பொருத்தமான இடம்தான். கிராஞ்சிக்கும் மலேசியாவின் ஜொகூருக்கும் இடையிலான நீரிணை அப்படியொன்றும் அகலமில்லை. பக்கத்து உட்லண்ட்ஸிலிருந்து போகிற கடற்பாலத்தின் நீளமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். நன்றாக நீந்தும் புலிக்கு அது பெரிய தடை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெற்றிலைக்கும் தோல் பதனிடுவதற்கும் பயன்பட்ட காம்பீர் செடியையும் மிளகையும் பயிரிடச் சீனத் தோட்டக்காரர்கள் இந்த வடபகுதிக் காடுகளுக்குள் நுழைந்தபோது, புலிக்கும் மனிதருக்கும் நடுவே வேலி என்று ஒன்றுமில்லாமல் போயிற்று. 1854இல் சிங்கப்பூரில் தங்கியிருந்த இயற்கையியலர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ், சராசரியாக நாளொன்றுக்கு ஒரு சீனரைப் புலி கொல்வதாக எழுதிவைத்தார். காட்டோரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தோட்டங்களில் யார் எப்படிச் செத்தார் என்பது பதிவாவதே அரிது. அதனால் அந்தக் கணக்கை நான் அப்படியே நம்பமாட்டேன். ஆனால் பயம் உண்மையானது.

நம் ஆட்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1835 வாக்கில் ஜார்ஜ் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் சாலை போட நிலம் அளந்துகொண்டிருந்தபோது புதருக்குள்ளிருந்து ஒரு புலி பாய்ந்து அளவைக் கருவியைத் தள்ளிவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் லாய்டமன் பின்னாளில் அதைப் படமாக்கினார். படத்தில் கோல்மனோடு சேர்ந்து சிதறி விழுகிறவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். அவர்களும் சாலைத் தொழிலாளர்கள்தான், மேலங்கி இல்லாத காலத்துத் தொழிலாளர்கள். இந்தத் தீவின் கடைசிக் காட்டுப்புலி 1930 அக்டோபரில், கிராஞ்சிக்கு அடுத்த சுவா சூ காங்கில் சுட்டு வீழ்த்தப்பட்டது.

ஆக, அந்த ஆரஞ்சுப் புலி இங்கே ஒளிந்து வாழ்ந்திருக்கிறது. எப்படி?

நிறம் என்பது பொருளின்மேல் பூசப்பட்டிருக்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தக்காளி சிவப்பு, வாழையிலை பச்சை. கண் வெறுமனே அதை வாங்கிக்கொள்கிறது என்று எண்ணம். உண்மையில் பொருளிலிருந்து வருவது ஒளி அலைகளின் கலவை. அதற்கு நிறம் என்று பேர் வைப்பது கண்ணும் மூளையும்.

நம் கண்ணின் பின்சுவரான விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. மங்கிய ஒளியில் வேலை செய்பவை கோல்கள். நல்ல வெளிச்சத்தில் வேலை செய்பவை கூம்புகள். நிறத்துக்குப் பொறுப்பு கூம்புகள்தான். ஆனால் எந்தக் கூம்புக்கும் தனியாக நிறம் தெரியாது. தனக்கு எவ்வளவு ஒளி கிடைத்தது என்று மட்டும்தான் அது சொல்லும்.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியை வைத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு நடுவர். அவருக்கு நடுஸ்தாயி பிடிக்கும். அவர் ஒரு பாட்டுக்கு ஏழு மதிப்பெண் போட்டிருக்கிறார் என்று மட்டும் உங்களுக்குச் சொல்கிறார்கள். அது அவருக்குப் பிடித்த ஸ்தாயியில் மெல்லிய குரலில் பாடப்பட்டதா, பிடிக்காத ஸ்தாயியில் ஓங்கிப் பாடப்பட்டதா? கண்டுபிடிக்க வழியே இல்லை. வேறு ரசனையுள்ள இரண்டாவது நடுவர் வந்து உட்கார்ந்தால் நிலைமை மாறும். இருவர் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, மேல்ஸ்தாயியா கீழ்ஸ்தாயியா என்று ஊகித்துவிடலாம். நிறம் என்பது அந்த வித்தியாசம்தான்.

மனிதக் கண்ணில் மூன்று நடுவர்கள். ஒருவர் நீலப் பக்கத்து ரசிகர். மற்ற இருவரும் பச்சையிலிருந்து மஞ்சள்வரை உள்ள பகுதியை ரசிப்பவர்கள். இவர்கள் இருவர் ரசனையும் ஏறக்குறைய ஒன்று, ஒருவர் மட்டும் சிவப்புப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தவர். அந்தக் கொஞ்சம் சாய்வுதான் நமக்குப் பச்சையையும் சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்துக் காட்டுகிறது. இதை முந்நிறப் பார்வை என்போம்.

மானுக்கு இரண்டே நடுவர்கள். நீல ரசிகர் ஒருவர், பச்சை ரசிகர் ஒருவர். இது இருநிறப் பார்வை. இலை வந்து நிற்கிறது: நீல ரசிகர் ஏறக்குறைய பூஜ்யம் போடுகிறார், பச்சை ரசிகர் ஐந்து போடுகிறார். புலி வந்து நிற்கிறது: நீல ரசிகர் அதே பூஜ்யம், பச்சை ரசிகர் ஏறக்குறைய அதே ஐந்து. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்திருக்கிற மான் மூளைக்கு இலையும் புலியும் ஒன்றுதான்.

மனிதரிலும் ஏறக்குறைய இப்படிப் பார்க்கிறவர்கள் உண்டு. சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் ஆரஞ்சுச் சாமந்தியையும் பச்சைத் தழையையும் மாற்றி மாற்றிக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ள ஒருவரோடு அங்கே போயிருந்தேன். “பூ எங்கே முடியுது, இலை எங்கே ஆரம்பிக்குதுன்னு இதழோட வடிவத்தை வெச்சுத்தான் சொல்லுவேன்” என்றார். ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு இது உண்டு, பெண்களில் மிக அரிது. காரணம் எளியது. பச்சை, சிவப்புப் பக்கத்து நடுவர்கள் இருவருக்குமான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் கோளாறு என்றால் மாற்றுக்கு ஆளில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘மானுக்குப் புலி பச்சையாகத் தெரியும்’ என்று சொல்லிப் பச்சைப்புலிப் படங்கள் உலவுகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மான் மனதில் என்ன நிறம் விரிகிறது என்று எவராலும் சொல்ல முடியாது. எந்த இரண்டு நிறங்களை அதனால் பிரித்தறிய முடியாது என்பதை மட்டும்தான் நாம் சோதித்துச் சொல்ல முடியும். அறிவியலில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரியது.

சரி, அதையாவது எப்படிச் சோதித்தார்கள்? மான் விழி, மான் விழி என்று நம் கவிஞர்கள் அதன் அழகை எத்தனையோ நூற்றாண்டாகப் பாடியாயிற்று. அந்த விழிக்கு என்ன தெரிகிறது என்று கேட்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

விலங்குக்கு நிறம் தெரியுமா என்று கேட்கும் வழியைக் காட்டியவர் ஆஸ்திரியரான கார்ல் வான் ஃபிரிஷ். முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் அவர் வெளியிட்ட தேனீ ஆய்வு, செலவில்லாத சோதனைக்கு இன்றும் முன்மாதிரி. நீல அட்டை ஒன்றின்மேல் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். தேனீ நீலத்துக்கு வருகிறது. உடனே ‘தேனீக்கு நீலம் தெரியும்’ என்று சொல்லிவிடலாமா? முடியாது. கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட நீல அட்டைக்கு ஒரு குறிப்பிட்ட சாம்பல் அழுத்தம் உண்டு. தேனீ அதை அடையாளம் வைத்து வந்திருக்கலாம். எனவே வெளிர்சாம்பலிலிருந்து கருஞ்சாம்பல்வரை பல அட்டைகளைப் பரப்பி, நடுவே நீலத்தை இடம் மாற்றி மாற்றி வைத்தார். எந்தச் சாம்பலோடும் தேனீ குழம்பவில்லை. அப்போதுதான் பதில் உறுதியானது. சிவப்பு அட்டையை வைத்தபோது குழம்பியது, கருஞ்சாம்பல் என்று எண்ணி.

இந்தச் சாம்பல் அட்டைத் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெளிச்சத்தை வைத்து ஏமாற்ற வழியில்லாதபடி அடைத்துவிட்டு, அதற்குப் பிறகும் விடை சரியாக வருகிறதா என்று பார்ப்பது. பின்னால் வந்த நிறப்பார்வைச் சோதனைகள் எல்லாவற்றிலும் இந்தத் தந்திரத்தின் ஏதோ ஒரு வடிவம் இருக்கும்.

மானை அட்டைக்குப் பழக்குவது பெரும்பாடு. அதனால் வேறொரு வழியும் உண்டு. ஒளி படும்போது விழித்திரை மிக மெல்லிய மின்சாரத்தை எழுப்பும். மருத்துவமனையில் நம் இதயத்துக்கு எடுக்கும் இசிஜி போல, கண்ணுக்கும் ஒரு மின்வரைவு எடுக்கலாம். மயக்கமூட்டிய விலங்கின் விழியில் கான்டாக்ட் லென்ஸ் போன்ற மின்வாயைப் பொருத்தி, வெவ்வேறு அலைநீள ஒளியை வேகமாக மினுக்கிக் காட்டுவார்கள். கண் எதற்கு எவ்வளவு துடிக்கிறது என்று அளந்தால், உள்ளே எத்தனை வகை நடுவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் ரசனையும் எங்கே உச்சம் என்று வரைந்துவிடலாம். 1994இல் கலிபோர்னியாவின் ஜெரால்டு ஜேக்கப்ஸும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்க வெள்ளைவால் மானுக்கும் ஐரோப்பிய ஃபேலோ மானுக்கும் இதைச் செய்து பார்த்தார்கள். கூம்பு வகை இரண்டு, ஒன்று நீலத்தில், மற்றது பச்சையில். நம் புள்ளிமானும் கடமானும் அதே மான் குடும்பம்தான். சொல்லப்போனால், குரங்கினங்களை விட்டுவிட்டால் பாலூட்டிகளில் பெரும்பாலானவை இருநடுவர் கட்சிதான். புலியும் அதில் சேர்த்தி. தன் உடம்பு ஆரஞ்சு என்று புலிக்கே தெரியாது.

அமெரிக்க வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் போகும்போது பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி போடவேண்டும் என்று அங்கே பல மாநிலங்களில் சட்டமே உண்டு. ஒரு வேட்டைக்காரர் இன்னொருவரை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது. மான்கள் அந்த மேலங்கியைப் பொருட்படுத்துவதில்லை. தம்பியின் கேள்விக்குள்ளேயே விடை இருந்தது என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மேலங்கியின் நிறம் லாரி ஓட்டுநரின் மூன்று நடுவர்களை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்த நிறம். புலியின் நிறம் மானின் இரண்டு நடுவர்கள் முன்னால் தேறிவந்த நிறம். துணி ஒன்றுதான், பார்க்கிறவர் வேறு.

2019இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபென்னலும் குழுவினரும் இதை இன்னொரு கோணத்தில் உரசிப்பார்த்தார்கள். காட்டுப் படங்களின்மேல் பல நிறத்துப் பந்துகளை ஒளித்துவைத்தார்கள். அதே படங்களை இருநிறக் கண்ணுக்குத் தெரியும்படியும் மாற்றினார்கள். மனிதர்களை உட்காரவைத்து, பந்தைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். எல்லா நிறத்தையும் மனிதரிடம் காட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், அந்த விடைகளை வைத்துக் கணினியைப் பழக்கி மீதியைக் கணக்கிடச் செய்தார்கள். முந்நிறக் கண்ணுக்கு ஆரஞ்சுப் பந்து உடனே அகப்பட்டது. இருநிறக் கண்ணுக்கு ஆரஞ்சும் பச்சையும் ஒரே அளவு திண்டாட்டம்.

அப்படியென்றால் புலி பச்சையாகவே இருந்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாமல் இன்னும் வசதியாக இருந்திருக்குமே? இருந்திருக்கும். ஆனால் பாலூட்டியின் மயிருக்குச் சாயப்பட்டறையில் இருப்பதே இரண்டு நிறமிகள்தான். கறுப்பு-பழுப்பு தருகிற யூமெலனின், மஞ்சள்-செம்பட்டை தருகிற ஃபியோமெலனின். இந்த இரண்டை எப்படிக் கலந்தாலும் பச்சை வராது. தென்னமெரிக்க ஸ்லாத் பச்சையாகத் தெரிவதற்குக்கூட அதன் மயிரில் வளரும் பாசிதான் காரணம், சொந்தச் சரக்கில்லை. செம்மஞ்சளே மானிடம் செல்லுபடியாகிறபோது, அதற்குமேல் புலிக்குத் தேவையும் இல்லை.

மானாவது மூன்றாவது நடுவரைப் பிடித்துவைத்திருக்கலாமே என்றும் கேட்கலாம். புலி பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் வேட்டையாடுகிறது. அந்த ஒளியில் கூம்புகள் எத்தனை வகை இருந்தாலும் அரைத்தூக்கம்தான். மானுக்குப் பிழைப்பைத் தருவது பக்கவாட்டில் அகன்று பார்க்கும் கண், திரும்பும் காது, மூக்கு. நமக்கும் அதே கதைதான். ஆரஞ்சு தெரிந்த தோட்டத் தொழிலாளர்கள் ஏன் தப்பவில்லை? குனிந்து இலை பறிக்கிறவரை நோக்கிப் புலி பின்னாலிருந்து வருகிறது. முதுகுப் பக்கம் கண்ணில்லாதவருக்கு எத்தனை கூம்பு இருந்து என்ன? வங்கத்துச் சுந்தரவனத்தில் 1980களில் தேனெடுக்கப் போகிறவர்களுக்குப் பின்மண்டையில் மாட்டிக்கொள்ள மனித முகமூடி கொடுத்தார்கள். அது இந்தக் குறையை நிரப்பப் போட்ட எளிய கணக்கு.

மூன்று நடுவர்கள் உள்ளவர்கள் காட்டில் வேறு யார்? குரங்குகள். பறவைகளுக்கு நான்கு நடுவர்கள். முதுமலையில் வனத்துறை வண்டியில் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் புலி இல்லை. மூன்றாம் முறை, மாயாற்றுப் பக்கம் ஓட்டுநர் சட்டென்று என்ஜினை அணைத்தார். மரத்தின் உச்சியிலிருந்து ஒரு மந்திக்கூட்டம் இருமுவது போலக் கத்திக்கொண்டிருந்தது. எல்லாக் குரங்கும் ஒரே புதரைப் பார்த்தன. “அதுங்களுக்குத் தெரியுது சார், நமக்குத்தான் தெரியல” என்றார். கீழே புள்ளிமான்கள் மேய்வதை நிறுத்திவிட்டுக் குரங்குகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன. மந்தி உச்சியிலிருந்து பார்க்கிறது என்பது ஒரு வசதி. அதற்கு ஆரஞ்சும் தெரிகிறது என்பது இன்னொரு வசதி. கண் கடன் வாங்கிப் பிழைக்கின்றன மான்கள் என்று எனக்குத் தோன்றியது. இருபது நிமிடம் காத்திருந்துவிட்டுத் திரும்பினோம்.

நிறம் கழன்றுவிட்டால் மான் கையில் மிஞ்சுவது வெளிச்சமும் நிழலும்தான். கோடுகளின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. உயரமான புல்லுக்கு நடுவே, மூங்கில் அடியில், காலை வெயில் எப்படி விழும்? வெளிச்சக்கீற்று, இருட்டுக்கீற்று, மறுபடி வெளிச்சம். புலியின் விலாவும் அதே கணக்கில் அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு விலங்கை நாம் கண்டுகொள்வது அதன் வெளிவிளிம்பை வைத்து. முதுகுக்கோடு, வயிற்றுக்கோடு, கால். குறுக்கே ஓடும் கறுப்புக் கோடுகள் அந்த விளிம்பைத் துண்டுதுண்டாக வெட்டிவிடுகின்றன. துண்டுகள் மட்டும் தெரியும், புலி தெரியாது. இதை உருச்சிதைக்கும் மறைதோற்றம் எனலாம்.

இந்தக் கோடுகளை எந்த மரபணுவும் அளவுகோல் வைத்து வரைவதில்லை. நெடுஞ்சாலையில் டீக்கடைகள் அமையும் விதத்தைப் பாருங்கள். ஒரு கடை ஓடத் தொடங்கினால் அங்கே இன்னும் கூட்டம் சேரும். அதே கடை, சுற்றியுள்ள கொஞ்ச தூரத்துக்கு வேறு கடை பிழைக்கவிடாது. யாரும் திட்டம் போடாமலே கடைகள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் அமைந்துவிடும். கருவிலிருக்கும் தோலில், தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் ஒரு வேதிப்பொருளும் அதைவிட வேகமாகப் பரவி அதை அடக்கும் இன்னொன்றும் இப்படிப் போட்டியிட்டாலே கோடும் புள்ளியும் பிறக்கும் என்று 1952இல் காட்டியவர் கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங். இந்தப் போட்டியில் கைவைக்கும் மரபணுக்களில் ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் உயிருள்ள சாட்சி உண்டு. கோடுகள் தடித்து, ஒன்றோடொன்று கலந்து, ஏறக்குறைய கறுப்பாகிவிட்ட புலிகள். பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் அந்த மரபணுவை அடையாளம் காட்டியது. வீட்டுப் பூனையின் கோட்டையும் அதே மரபணுதான் மாற்றுகிறது.

கடைகள் எந்த இரண்டு சாலையிலும் ஒரே மாதிரி அமையாதது போல, கோடுகளும் எந்த இரண்டு புலிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. மானிடமிருந்து புலியை மறைக்கும் கோடு ஆய்வாளருக்கு ரேகையாகிவிடுகிறது. கர்நாடகத்தின் நாகரஹொளெயில் உல்லாஸ் கரந்த் 1990களில் இதைப் பிடித்துக்கொண்டார். காட்டுப் பாதைகளில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டினார். கணக்கு எளியது. ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரில் நம் ஆட்கள் கூடும் தேக்காவில் நின்று நூறு முகங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறும் நூறு பேரைப் பாருங்கள். அதில் பத்துப் பேர் பழைய முகம் என்றால், அங்கே வந்துபோகிறவர்கள் மொத்தம் ஏறக்குறைய ஆயிரம் பேர். எல்லாரையும் எண்ணாமலே எண்ணிக்கை கிடைத்துவிட்டது. முகத்துக்குப் பதில் கோடு, அவ்வளவுதான். இதற்கு முன்பு பாதத்தடத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஏட்டில் பதினாறுக்கும் மேல் இருந்த புலிகள், 2005இல் தேடிப்பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவுக்கு 3,682 என்ற எண் வந்தது கேமராவும் கோடும் கொடுத்த பலம். தீபகற்ப மலேசியாவில் இதே வழியில் பார்த்தபோது 150க்கும் குறைவு. நாங்கள் டிராமில் பார்த்தது அந்த இனத்தில் ஒன்று.

இருட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் வெள்ளிப்பட்டை கோபித்துக்கொள்ளும். டிராமில் ஏறும்போதே கேமராவின் ஃபிளாஷ் விளக்கைப் போடாதீர்கள் என்று சொல்லிவிடுவார்கள். இரவு விலங்குகளின் கண் ஒளியைச் சேமிக்கும்படி அமைந்த கண். புலிக்கும் மானுக்கும் விழித்திரையின் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் உண்டு. எதிரொளிப் படலம் என்று வைத்துக்கொள்வோம். காப்பி வடிகட்டியில் முதல் டிகாக்ஷன் இறங்கியபின் அதே பொடியில் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றுகிறோம் இல்லையா? முதல் சுற்றில் கோல்களிடம் பிடிபடாமல் நழுவிய ஒளியை இந்தப் படலம் திருப்பி அனுப்பி, இரண்டாம் முறை வடிகட்டுகிறது. இரண்டாம் டிகாக்ஷன் போலவே இதிலும் சுவை கொஞ்சம் கெடும், அதாவது பிம்பம் சற்றே கலங்கும். இருட்டில் அது பெரிய விலையில்லை. அப்போதும் பிடிபடாத ஒளி வந்த வழியே வெளியே போகும். வண்டி விளக்கில் மின்னும் கண் அதுதான். நமக்கு இந்தப் படலம் கிடையாது.

மேலங்கியின் பட்டையும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. அதில் இந்த வேலையைச் செய்வது பல வகைகளில் நுண்ணிய கண்ணாடி மணிகள். லாரி விளக்கின் ஒளி சிதறாமல் லாரிக்காரனிடமே போய்ச் சேருவதால்தான் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் நிற்கிறவருக்கு அது வெறும் சாம்பல் துணி. ஆக, மேலங்கி தைத்தவர் விலங்கிடமிருந்து நிறத்தையும் கண்ணையும் ஒருசேர எடுத்து, ஒளிவதற்கு நேர் எதிரான வேலைக்குக் கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் ஒரு ஞாயிறு பாடவேளையில் பலகையில் நடுவர்களை வரைந்து சொல்லி முடித்தேன். தம்பி சிறிது நேரம் யோசித்தார். பிறகு, முந்தைய வாரம் மண்டாய் சாலையோரம் இரவு வேலை முடிந்த நேரத்தில் நடந்ததைச் சொன்னார். அந்தக் காட்டில் கடமான்கள் இருக்கின்றன. 1970களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை. துரத்தப் புலியில்லாத தீவில் பெருகியிருக்கின்றன.

“விடிஞ்சும் விடியாமலும் இருந்துச்சுண்ணே. நான் தடுப்புக்கட்டை மேல உட்கார்ந்து ரொட்டி தின்னுக்கிட்டிருந்தேன், இந்த வெஸ்ட்டோடதான். பத்தடியில வந்து நின்னு இலையைக் கடிக்குது. என்னை ஒரு ஆளாவே மதிக்கல. எங்கேயோ பார்க்குது, என்னைத் தாண்டிப் பார்க்குது.”

“அப்புறம்?”

“கொசு கடிச்சுச்சு. கையை ஓங்கினேன். நான் தட்டுறதுக்குள்ள அது காட்டுக்குள்ள போயிருச்சு.”